சீலியாவின் வாயை அடைத்தவர்கள் ஓவியர்களா? விக்டோரியா காலப் படங்களில் நாடகத் தோழியர்

தகடூர் வாசகி (தருமபுரி) கேட்டது:

வணக்கம். தருமபுரியில் ஆங்கில இலக்கியம் கற்பித்து வருகிறேன். ஷேக்ஸ்பியரின் இன்பியல் நாடகங்களில் வரும் தோழியரை விக்டோரியா காலத்து ஆங்கில ஓவியர்கள் எவ்வாறு வரைந்தார்கள் என்பது குறித்து முதுகலை மாணவியரிடம் உரையாற்ற ஒப்புக்கொண்டிருக்கிறேன். படங்களைத் திரட்டத் தொடங்கியதும் ஓர் ஐயம் எழுந்தது. அதற்கு விடை காணாமல் உரையை எழுத மனம் வரவில்லை.

'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தின் முதல் அங்கத்தில், நாயகி ரோசலிண்டை நாடு கடத்த ஆணையிடும் தன் தந்தையை எதிர்த்து நின்று வாதாடுபவள் சீலியா. ஒன்றாகவே உறங்கினோம், ஒரே நொடியில் எழுந்தோம், ஒன்றாகக் கற்றோம், விளையாடினோம், உண்டோம், ஜூனோ தேவியின் அன்னங்களைப் போல எங்கு சென்றாலும் இணைபிரியாமலே சென்றோம் என்று அவள் அடுக்கிச் சொல்லும் வரிகள் நாடகத்தின் மிக அழகிய பகுதிகளுள் ஒன்று. தந்தை மசியவில்லை என்றதும், ஆர்டன் காட்டுக்குப் போய்விடலாம் என்று வழி சொல்பவளும் அவளே. காட்டுக்குப் போன பிறகும் ரோசலிண்டின் காதல் பித்தைக் கிண்டல் செய்வதும், எல்லை மீறும்போது கடிந்துகொள்வதும் அவள்தான்.

இவ்வளவு பேசும் பெண் படங்களில் என்ன ஆகிறாள்? ஜான் எவரெட் மில்லே 1868இல் ராயல் அகாடமி கண்காட்சியில் வைத்த 'ரோசலிண்டும் சீலியாவும்' என்ற படத்தில், நடந்து களைத்துத் தோழியின் மேல் சாய்ந்து கிடக்கிறாள். டேனியல் மக்லீஸ் 1854இல் வரைந்த மற்போர்க் காட்சியில் இரு பெண்களும் நெருங்கி நின்றாலும், நம் கண் மல்லர்களிடமும் அமர்ந்திருக்கும் சீலியாவின் தந்தையான டியூக்கிடமுமே முதலில் போகிறது. கோழிக்குஞ்சுபோல் ஒடுங்கியவளாகவோ வேடிக்கை பார்ப்பவளாகவோ மட்டுமே சீலியாவை வரைய அவர்களுக்குத் தோன்றியது ஏன் என்பதுதான் என் கேள்வி.

என் மாணவியர் சங்க இலக்கியம் படித்துவிட்டு வருபவர்கள். 261 அடிகள் கொண்ட குறிஞ்சிப்பாட்டு முழுவதும் தோழி செவிலித்தாயிடம் தலைவியின் காதலை வெளிப்படுத்தி அறத்தொடு நிற்கும் கூற்றாக அமைந்திருப்பதை அறிந்தவர்கள். தலைவியைவிட அதிகம் பேசும் தோழியைக் கண்டு பழகிய அவர்கள், இந்தப் படங்களைப் பார்த்ததும் இதே கேள்வியைக் கேட்பார்கள் என்பது உறுதி. ஓவியம் என்ற கலையின் இயல்பே இதற்குக் காரணமா, அல்லது அக்காலத்தின் மனப்போக்கா? எந்தப் படங்களை எடுத்துக்கொண்டு பேசினால் பொருள் தெளிவாகும்? அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

படேதலாவ் கரை (கிருஷ்ணகிரி) எழுதியது:

வணக்கம் அம்மா. பள்ளியில் ஓவிய ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், ஓவியர்கள் தரப்பில் சிறிது வாதாட விரும்புகிறேன்.

பேச்சை வரைய முடியாது. வாய் திறந்திருக்கும் முகத்தை வரைந்தால் அது பேசுவதாகத் தோன்றாது, கொட்டாவி விடுவதாகத்தான் தோன்றும். ஆகையால் ஓவியர் நட்பைக் கைகளிலும் சாய்விலும் பார்வையிலும் காட்ட வேண்டியிருக்கிறது. படத்தில் வாயை விட்டுவிட்டுக் கைகளைப் பாருங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள்.

அதற்கு மிகச் சிறந்த சான்று, வில்லியம் ஹோல்மன் ஹண்ட் 1851இல் காட்சிக்கு வைத்த 'சில்வியாவைப் ப்ரோட்டியஸிடமிருந்து மீட்கும் வேலன்டைன்' என்னும் படம். இன்று பர்மிங்காம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 'டூ ஜென்டில்மென் ஆஃப் வெரோனா' நாடகத்தின் கடைசிக் காட்சி. நடுவில் வேலன்டைன் நிற்கிறான். அவன் கையைப் பற்றியபடி சில்வியா மண்டியிட்டிருக்கிறாள். குற்றவாளியான ப்ரோட்டியஸ் மறுபுறம். இவர்களிலிருந்து சற்று விலகி, ஆண் வேடமிட்ட ஜூலியா மரத்தில் சாய்ந்து நிற்கிறாள். ப்ரோட்டியஸின் காதலியான அவள் அவனுக்கே ஏவலாளாகப் பின்தொடர்ந்து வந்தவள். அவளுடைய விரல்கள் மோதிரத்தைத் திருகிக்கொண்டிருக்கின்றன.

அந்த விரல்களில்தான் நீங்கள் தேடும் நட்பு இருக்கிறது. நான்காம் அங்கத்தில், ஜூலியா முன்பு தனக்குக் கொடுத்த மோதிரத்தையே ப்ரோட்டியஸ் சில்வியாவுக்குப் பரிசாகக் கொடுத்தனுப்புகிறான். அதையும் ஜூலியாவின் கையிலேயே கொடுத்தனுப்புகிறான். எதிரே நிற்பவள் யார் என்று தெரியாமலேயே, அவனுடைய ஜூலியாவுக்கு என் விரல் அந்தத் தீங்கைச் செய்யாது என்று சில்வியா மோதிரத்தை மறுத்துவிடுகிறாள். ஜூலியாவின் துயரக் கதையைக் கேட்டுக் கலங்கி, பணப்பையையும் எடுத்துக் கொடுக்கிறாள். முன்பின் அறியாத ஒரு பெண்ணுக்காக இன்னொரு பெண் காட்டிய அந்த நேர்மையை, நாடகம் படித்துவிட்டு வந்து படத்தின் முன் நிற்பவருக்கு மோதிரம் நினைவூட்டிவிடுகிறது. இரு பெண்களும் அங்கே ஒருவரையொருவர் பார்க்கவில்லை என்பதை நான் குறையாக எண்ணவில்லை. ஆண்கள் இருவரும் தங்கள் வழக்கைத் தீர்த்துக்கொள்ளும் இடத்தில் அந்தப் பெண்களின் நிலை அதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோழியை ஊமையாக்கியவர்கள் ஓவியர்கள் என்று சொல்வதற்கு முன் நாடகத்தைக் கடைசிவரை படித்துப் பாருங்கள். வேலன்டைன் வந்து காப்பாற்றிய கணத்திலிருந்து நாடகம் முடியும்வரை சில்வியாவுக்கு ஒரு வரிகூடக் கிடையாது. சீலியாவும் திருமணங்கள் நடக்கும் கடைசிக் காட்சியில் மேடைக்கு வருகிறாள், ஆனால் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. அவர்களின் வாயை முதலில் அடைத்தவர் ஷேக்ஸ்பியர்தான். ஹண்ட் அந்த மௌனத்தை உள்ளபடி வரைந்தார்.

சீலியாவுக்கு நியாயம் செய்த படம் வேண்டுமென்றால், வால்டர் டெவரெல் 1853இல் வரைந்த பொய்த் திருமணக் காட்சியைப் பயன்படுத்துங்கள். ஆண் வேடத்தில் இருக்கும் ரோசலிண்ட், நீயே பாதிரியாராக நின்று எங்களை மணம் செய்து வை என்று சீலியாவை இழுத்து நிறுத்தும் இடம் அது. அந்த வாசகங்களை என்னால் சொல்ல முடியாது என்று அவள் முதலில் தயங்குகிறாள். விளையாட்டு என்று தெரிந்தும் தயங்கும் அந்த மனத்தில், தோழியை இன்னொருவனிடம் ஒப்படைக்கும் வலியும் இல்லாமலா இருக்கும்? டெவரெல் அடுத்த ஆண்டே, 26 வயதில் இறந்துபோனார். வாழ்ந்திருந்தால் நாடகப் படங்களில் மில்லேயை மிஞ்சியிருப்பார் என்பது என் சொந்தக் கருத்து.

ஒரு செய்தி மாணவியருக்குச் சுவையாக இருக்கும். எலிசபெத் சிடால் என்ற பெண், தொப்பிக் கடையில் வேலை பார்த்துவந்தவர். டெவரெலின் 1850ஆம் ஆண்டுப் படமான 'ட்வெல்ஃப்த் நைட்'டில் ஆண் வேடமிட்ட வயோலாவாக அமர்ந்தவர் அவர். மறு ஆண்டு ஹண்டின் படத்தில் சில்வியாவாக மண்டியிட்டவரும் அவரே. வேடமிட்டு வருபவளுக்கும் அவளுக்கு இரங்குபவளுக்கும் ஒரே பெண்ணின் முகம் கிடைத்தது. ஹண்டின் குழுவினரை ஆதரித்து 'டைம்ஸ்' இதழுக்குக் கடிதம் எழுதிய கலை விமர்சகர் ரஸ்கினுக்கே சில்வியாவின் முகம் பிடிக்கவில்லை என்பது வேறு கதை.

ஓசூர் வாசகர் எழுதியது:

ஐயா சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் ஓவியர் தூரிகையை எடுப்பதற்கு முன்பே யாருக்கு விற்கப்போகிறோம் என்று எண்ணியிருப்பார் அல்லவா? அந்தப் பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

அக்காலத்தில் படங்களை வாங்கியவர்கள் பிரபுக்கள் மட்டுமல்லர். லீட்ஸ் நகரத் துணி வணிகக் குடும்பத்தில் பிறந்த ஜான் ஷீப்ஷாங்க்ஸ் போன்றவர்களும் வாங்கினார்கள். அவர் 1857இல் நாட்டுக்கு வழங்கிய தொகுப்பு இன்று லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் சி. ஆர். லெஸ்லி, ஷேக்ஸ்பியர், மோலியேர் ஆகியோரின் இன்பியல் நாடகங்களிலிருந்து வரைந்த காட்சிகள் பல உண்டு. வீட்டுக் கூடத்தில் மாட்டி, மனைவி மக்களோடும் விருந்தினரோடும் பார்க்க வேண்டிய படங்கள் அவை. 'மெர்ரி வைவ்ஸ் ஆஃப் விண்ட்சர்' நாடகத்தில் ஒரே காதல் கடிதத்தை இருவருக்கும் அனுப்பிய ஃபால்ஸ்டாஃபை அழுக்குத்துணிக் கூடையில் அமுக்கித் தேம்ஸ் ஆற்றில் கொட்டவைக்கும் இரு மனைவிமார்கூட, அத்தகைய கூடத்துக்கு ஏற்றபடி சிரித்த முகத்தோடும் அடக்கத்தோடும்தான் வர முடியும்.

அதே காலத்தின் புத்தகங்களையும் சேர்த்துப் பாருங்கள். மேரி கௌடன் கிளார்க் 1850 முதல் 1852 வரை வெளியிட்ட, ஷேக்ஸ்பியர் நாயகியரின் இளமைப் பருவத்தைக் கற்பனையாகச் சொல்லும் 15 கதைகளில் சில, இணைப் பெயர்களையே தலைப்பாகக் கொண்டவை. ரோசலிண்டும் சீலியாவும் தோழியர்; பியாட்ரிஸும் ஹீரோவும் ஒன்றுவிட்ட சகோதரியர்; விண்ட்சரின் இரு மனைவிமாரும் மெக், ஆலிஸ் என்ற குறும்புச் சிறுமியர். காதலன் வருவதற்கு முன்பு அந்தப் பெண்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதில் வாசகியருக்கு அவ்வளவு ஆர்வம் இருந்திருக்கிறது. ஆகவே நட்பை அக்காலம் மதிக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. நகமும் சதையுமாக இருக்கும் இரு கன்னியர் என்ற காட்சி அவர்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. அது திருமணத்துக்கு முந்திய பருவத்தோடு நின்றுவிட வேண்டும் என்பதும் அவர்கள் எதிர்பார்ப்பாக இருந்தது.

1888இல் 'கிராஃபிக்' இதழ் புகழ்பெற்ற ஓவியர்கள் பலரிடம் ஷேக்ஸ்பியர் நாயகியரை வரையச் சொல்லி, 20க்கும் மேற்பட்ட படங்களைத் திரட்டியது. லெய்டன் டெஸ்டிமோனாவையும், வாட்டர்ஹவுஸ் கிளியோபாட்ராவையும், அல்மா ததேமா போர்ஷியாவையும் வரைந்தனர். ஒரு படச்சட்டத்துக்கு ஒரு நாயகி என்பது ஏற்பாடு. போர்ஷியா என்றால் வழக்காடிய போர்ஷியா அல்ல, புரூட்டஸின் மனைவி. தோழிக்கு அந்தச் சட்டத்துக்குள் இடமே கிடையாது. உங்கள் உரையில் இந்தத் தொகுப்பை மில்லேயின் படத்துக்கு அருகில் வைத்துக் காட்டினால், களைத்துச் சாய்ந்த சீலியாவுக்காவது சட்டத்தில் பாதி இடம் கிடைத்ததே என்று மாணவியருக்குத் தோன்றும்.

விக்டோரியா காலத்துக்கு முந்தியதாயினும், அமெரிக்க ஓவியர் வாஷிங்டன் ஆல்ஸ்டன் 1818க்கு முன் 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' நாடகத்தின் இரு தோழியரை வரைந்த 'ஹெர்மியாவும் ஹெலனாவும்' படத்தையும் விட்டுவிட வேண்டாம். இருவரும் ஒரே புத்தகத்தின் மேல் குனிந்து அமர்ந்திருக்கிறார்கள். ஆண் ஒருவரும் அங்கே இல்லை.

பென்னாகரத்தான் எழுதியது:

நான் கூத்துப் பார்த்து வளர்ந்தவன். ஓவியம் பற்றிச் சொல்ல எனக்குப் பெரிதாகத் தகுதி இல்லை. ஆனால் நாடகத்தைப் பற்றிப் பேசும்போது மேடையை ஒருவரும் குறிப்பிடாதது எனக்கு வியப்பாக இருக்கிறது.

ஷேக்ஸ்பியர் காலத்தில் ரோசலிண்டும் சீலியாவும் இரண்டு பையன்கள். 1660க்குப் பிறகுதான் ஆங்கிலப் பொது மேடையில் பெண்கள் நடிக்க வந்தார்கள். எங்கள் பக்கத்தில் திரௌபதியம்மன் கோயில் விழாவில் விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்களுக்கு இது புரிய விளக்கமே தேவையில்லை. பெண் வேடம் கட்டியவர், தலைவியின் துக்கத்தையும் பாடுவார். கட்டியக்காரன் வாயைக் கிண்டினால் அடுத்த நொடியில் சாட்டையடியாகப் பதிலும் கொடுப்பார். பார்ப்பவருக்கு அவர் ஆண் என்பது தெரியும், தெரிந்தே தலைவியாக ஏற்றுக்கொள்வார்கள். சென்னையில் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபையிலும் பெண் பாத்திரங்களை ஆண்களே ஏற்றார்கள்; பம்மல் சம்பந்த முதலியார் இந்த 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தையே 'விரும்பிய விதமே' என்று தமிழுக்குக் கொண்டுவந்தவர். அத்தகைய மேடையில் இரு தோழியரின் நட்பு உடம்பால் நிற்பதில்லை. வாய்க்கு வாய் பேச்சால் நிற்கிறது. விக்டோரியா கால ஓவியரோ மேடையில் உண்மையான பெண்களைப் பார்த்துப் பழகியவர். அவர் முன் அமர்ந்த மாதிரியும் பெண். தோளும் கூந்தலும் துணிமடிப்பும் அவர் கண்ணை நிறைத்துவிட்டன, வாய்ச்சண்டை போய்விட்டது.

சண்டை என்று சொன்னேன். படங்களில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது அதுதான். 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' நாடகத்தில், ஒரே மெத்தையில் அமர்ந்து ஒரே துணியில் ஒரே பூவை இருவரும் தைத்தோமே என்று உருகிய ஹெலனாவோடு, அடுத்த சில நிமிடங்களில் ஹெர்மியா உயரத்தைப் பற்றிச் சண்டை பிடிக்கிறாள். நான் குள்ளம்தான், ஆனாலும் என் நகம் உன் கண்ணை எட்டும் என்கிறாள். அரங்கம் அதிரச் சிரிக்கும் இடம் அது. இன்பியல் நாடகத்தின் நட்பு அந்தச் சண்டையும் சேர்ந்ததே. ஆனால் அந்த நாடகத்திலிருந்து அக்கால ஓவியர்களை ஈர்த்தவை தேவதைகள். ஜோசப் நோயல் பேட்டன் 1849இல் வரைந்த 'ஓபரானும் டைட்டானியாவும் பிணங்குதல்' படத்தில் 165 தேவதைகள் இருப்பதாக லூயிஸ் கரோல் எண்ணிச் சொன்னார். தோழியர் இருவரின் சண்டைக்கு அங்கே ஏது இடம்?

ஆனால் அந்தப் பிணக்கின் காரணத்தைப் பாருங்கள். தேவதைகளின் அரசியான டைட்டானியா, ஓர் இந்தியச் சிறுவனைத் தன் கணவன் ஓபரானிடம் விட்டுக்கொடுக்க மறுப்பதால் வந்த பிணக்கு அது. அவனைப் பெற்றவள் டைட்டானியாவின் தோழி. மணம் கமழும் இந்தியக் காற்றில், இரவு நேரத்தில், கடற்கரை மணலில் இருவரும் அமர்ந்து வணிகக் கப்பல்கள் போவதைப் பார்த்துக் கதை பேசியதையும், பாய் புடைத்த கப்பலைப் போலச் சூல் கொண்ட வயிற்றோடு அவள் நடந்து காட்டியதையும் டைட்டானியா நினைவுகூர்கிறாள். மகப்பேற்றில் அவள் இறந்துவிட்டாள். அவளுக்காகவே இந்தப் பிள்ளையை வளர்க்கிறேன், அவளுக்காகவே இவனைப் பிரிய மாட்டேன் என்கிறாள். ஷேக்ஸ்பியர் எழுதிய பெண் நட்புகளில் இதற்கு இணையாக நான் எதையும் சொல்ல மாட்டேன். 165 தேவதைகளை வரையப் பொறுமை இருந்தவருக்கு, அந்தக் கடற்கரையை வரையத் தோன்றவில்லை.

தகடூர் வாசகி எழுதியது:

மூவருக்கும் நன்றி. மோதிரத்தையும் பொய்த் திருமணத்தையும் உரையின் நடுப்பகுதியாக வைத்துக்கொள்கிறேன். இந்தியக் கடற்கரையைப் பற்றிப் பென்னாகரத்து நண்பர் எழுதியதைப் படித்தபோது இன்னொன்று தோன்றியது. இதே விக்டோரியா காலத்தில் நம் பக்கத்தில் ரவி வர்மா சகுந்தலையை அவளுடைய தோழியரோடு வரைந்திருக்கிறார். அதுவும் நாடகக் காட்சி, மகிழ்ச்சியில் முடியும் நாடகம். அதை மில்லேயோடு ஒப்பிடுவது பொருந்துமா, அல்லது பொருளை விட்டு விலகுவதாகுமா?

படேதலாவ் கரை எழுதியது:

நன்றாகப் பொருந்தும் அம்மா. ரவி வர்மா ஐரோப்பிய முறையில் எண்ணெய் வண்ணத்தைக் கையாண்டவர். அவருடைய 'சகுந்தலா பத்ரலேகன்' படத்தை 1876இல் சென்னை ஆளுநர் பக்கிங்காம் டியூக் வாங்கினார். 1894இல் மும்பையில் தொடங்கிய அச்சகத்தின் வழியாக அவர் படங்கள் நாடெங்கும் வீட்டுச் சுவர்களுக்கு வந்தன. ஓசூர் வாசகர் சொன்ன கூடத்துச் சுவர் நம் ஊரிலும் இருந்தது என்று காட்ட இது உதவும்.

நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது, காலில் தைத்த முள்ளை எடுப்பதுபோல் சகுந்தலை நின்று திரும்பிப் பார்க்கும் படம். காளிதாசன் நாடகத்தின் முதல் அங்கத்தில் வரும் இடம் அது. தோழியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கியிருக்கிறாள். முகம் மட்டும், படத்துக்கு வெளியே நிற்கும் துஷ்யந்தனை நோக்கித் திரும்பியிருக்கிறது. தோழியின் தோள் இல்லையென்றால் அந்தப் பொய்யை நடத்தவே முடியாது. மில்லேயின் படத்தில் சீலியா ரோசலிண்டின் மேல் சாய்கிறாள், இங்கே நாயகி தோழியின் மேல் சாய்கிறாள். ஆனால் ஆங்கிலப் படத்தில் உண்மையான களைப்பு, இங்கே பாசாங்கு. இன்பியல் நாடகத்துக்கு நெருக்கமானது எது என்பதை மாணவியரே சொல்லட்டும்.

நாடகத்தில் சகுந்தலையின் தோழியரான அனசூயையும் பிரியம்வதையும் நான்காம் அங்கத்தோடு நின்றுவிடுகிறார்கள். அவர்களும் இங்கிருந்தே திரும்பிவிடுவார்களா என்று சகுந்தலை கேட்கும்போது, இவர்களும் மணம் செய்து கொடுக்கப்பட வேண்டியவர்கள், அங்கே வருவது தகாது என்று வளர்ப்புத் தந்தை கண்வர் சொல்லிவிடுகிறார். சீலியாவாவது கடைசிக் காட்சியில் பேசாமல் மேடையில் நிற்கிறாள். இதையும் மாணவியரிடம் சொல்லுங்கள்.

படங்களைத் திரையில் காட்டும்போது முழுப் படத்தை முதலில் போட வேண்டாம். ஜூலியாவின் விரல்கள், சகுந்தலை பற்றியிருக்கும் தோள் ஆகிய பகுதிகளை மட்டும் பெரிதாக்கிக் காட்டிவிட்டு, யாருடைய கை, என்ன செய்கிறது என்று கேட்ட பிறகு முழுவதையும் திறந்து காட்டுங்கள்.